நொய்யலுக்கு ஒரு பேரேடு

கொங்கு நாட்டின் பழைய கிரயப் பத்திரங்களைப் படித்தவர்கள் அவற்றில் ஒரு வழக்கத்தைக் கண்டிருப்பார்கள். பூமிக்கு நான்கெல்லை கூறும் இடத்தில், பள்ளத்துக்குக் கிழக்கு என்றோ, ஆற்றுக்கு வடக்கு என்றோ எழுதியிருப்பார்கள். பள்ளம் என்பது இவ்வட்டாரத்தில் சிற்றோடைக்கு வழங்கும் பெயர். மாமூல் தடம், வண்டிப் பாதை, கிணற்றில் பங்கு, தண்ணீர் முறை முதலிய பாத்தியங்களும் அப்பத்திரங்களில் ஒன்றுவிடாமல் இடம்பெறும். பாட்டனார் காலம் தொட்டுப் பேரன் காலம் வரை பூமி எத்தனை பாகமாகப் பிரிந்தது, யார் பங்கு யாருக்குச் சென்றது என்பதையெல்லாம் அவற்றைக் கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் எல்லையாக நின்ற ஓடை அந்தத் தலைமுறைகளில் என்ன ஆயிற்று என்பதை எந்தப் பத்திரமும் சொல்வதில்லை. நிலத்திற்கு உடைமையாளர் உண்டு. ஓடையோ புறம்போக்கு. எவருக்கும் தனியுரிமை இல்லாத பொருளின் கணக்கை எவரும் எழுதி வைப்பதில்லை.

இக்குறை சிறியது போலத் தோன்றலாம். அதன் விளைவு எத்துணைப் பெரியது என்பதை நொய்யல் ஆற்றின் வரலாறு நமக்குக் காட்டுகிறது. நெசவாளரும் விவசாயிகளும் ஒருங்கே படிக்கும் இவ்விதழில் அவ்வரலாற்றை நினைவூட்டுவதும், அதிலிருந்து நம் சங்கங்கள் மேற்கொள்ள வேண்டிய ஒரு காரியத்தை எடுத்துரைப்பதும் என் நோக்கம்.

ஆறும் அதன் பழமையும்

நொய்யல் பெரிய ஆறன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிச் சாரலில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் கிழக்கு நோக்கி ஓடி, நொய்யல் என்று தன் பெயரையே கொண்ட ஊரருகே காவிரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழம் பெயர். பேரூர்த் திருக்கோயில் இதன் கரையில்தான் இருக்கிறது. மலைச்சாரலில் பருவமழை மிகுதி. ஆறு பாயும் சமவெளியிலோ ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. ஆகவே மலையிலிருந்து சில நாட்கள் பெருக்கெடுத்து வரும் வெள்ளத்தை ஆண்டு முழுவதும் பயன்படுமாறு நிறுத்தி வைப்பதே இவ்வட்டாரத்தார் கண்ட உபாயம்.

அதன் பொருட்டு முன்னோர் ஆற்றின் குறுக்கே சிறு சிறு அணைக்கட்டுகள் அமைத்து, அவற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் குளங்களுக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். இருபதுக்கு மேற்பட்ட அணைக்கட்டுகளும் முப்பதுக்கு மேற்பட்ட குளங்களும் இம்முறையில் ஒரு சங்கிலிபோல் இணைக்கப்பட்டிருந்தன. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம் ஆகியன அச்சங்கிலியின் கண்ணிகளே. ஒரு குளம் நிரம்பி வழிந்த நீர் அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ சேரும். குளத்தில் நின்ற நீர் மண்ணில் ஊறிச் சுற்றுப்புறக் கிணறுகளை நிரப்பும். அக்கிணறுகளில் கவலை கட்டி இறைத்துத் தோட்டங்களில் பருத்தியும் ராகியும் மஞ்சளும் புகையிலையும் விளைந்தன. கிணறு இல்லாத காட்டில் கம்பும் சோளமும் மழையை நம்பி விதைக்கப்பட்டன. காங்கயம் பக்கத்தில் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் மாடுகள் மேய்ந்தன.

இக்கரையில் நெசவும் உழவும் ஒன்றையொன்று அடுத்தே வாழ்ந்து வந்தன என்பதற்குச் சான்றும் உண்டு. சென்னிமலை வட்டாரத்தில் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல் என்னும் ஊரில் 1985 முதல் பல தவணைகளாக அகழாய்வு நடைபெற்றது. இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த தொழிலிடங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்கே கிடைத்தன. அவற்றோடு நூல் நூற்கும் தக்களிகளும் பருத்தித் துணியின் சிறு துண்டும் கிடைத்தன. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. பருத்தி விளைத்த கையும் நூல் நூற்ற கையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்று நீரைத்தான் நம்பியிருந்தன. இன்றும் இப்பகுதியில் ஒரே குடும்பத்தில் அண்ணன் தோட்டத்திலும் தம்பி தறியிலும் அல்லது பட்டறையிலும் இருப்பது அரிதன்று. ஆகையால் நொய்யல் கெட்ட கதையைத் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் நடந்த சண்டை என்று கூறுவது சரியாகாது.

உப்பு எங்கே போயிற்று?

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920-களில் தொடங்கியது. நெடுங்காலம் வரை அங்கே பெரும்பாலும் வெள்ளை பனியன்களே தயாராயின. 1980-களில் வெளிநாட்டு ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. வண்ண ஆடைகளுக்குக் கேட்பு பெருகிற்று. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. அத்தொழிலால் பல லட்சம் குடும்பங்கள் பிழைத்தன என்பதை மறுப்பவர் எவருமில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கும் அத்தொழிலே கஞ்சி வார்த்தது.

பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிப்பதற்கு உப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது. அழுத்தமான நிறத்துக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 50 கிராமுக்கும் மேல் உப்புச் சேர்ப்பதுண்டு. சாயம் துணியில் ஏறும். உப்பு ஏறாது, கழிவு நீரோடு முழுவதும் வெளியே வந்துவிடும். 1990-களின் இறுதியில் கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரின் நிறத்தைப் போக்கின. அழுக்கைப் படியச் செய்தன. கரைந்த உப்பை மட்டும் அவற்றால் நீக்க இயலவில்லை. பார்வைக்குத் தெளிந்த நீராயினும் உப்புப் பழைய அளவிலேயே இருந்தது.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு பட்டறை நாள்தோறும் 1 லட்சம் லிட்டர் கழிவு நீரை வெளியே விடுவதாகவும், அதில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 500 கிலோ உப்பு ஆகிறது. ஆண்டில் 300 நாள் வேலை என்றால் 150 டன். இது ஒரு பட்டறையின் கணக்கு. அங்கே இருந்த பட்டறைகளோ எழுநூற்றுக்கும் மேற்பட்டவை. மழைக்காலத்தில் ஒரு பகுதி காவிரிக்குப் போயிருக்கலாம். எஞ்சியது எங்கே போகும்? ஆற்றுப் படுகையில் இறங்கிற்று; கரையோரக் கிணறுகளில் ஊறிற்று; அந்தக் கிணற்று நீரைப் பாய்ச்சிய வயலில் படிந்தது. உப்பின் பெரும் பகுதி சோடியமாதலால், களிமண் குழைந்து பின் இறுகிவிடுகிறது. நீர் உள்ளே இறங்குவதில்லை. பயிரின் வேர் மூச்சுத் திணறுகிறது. முன்னோர் குளத்தின் வழியே கிணற்றை நிரப்பிய அதே நீரோட்ட வழி இப்போது உப்பையும் சுமந்து சென்றது.

ஒரத்துப்பாளையம் கற்பித்த பாடம்

சென்னிமலை வட்டாரத்தில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டு 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. கீழ்ப்பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் அளிப்பது அதன் நோக்கம். பொதுப் பணத்தில், நல்லெண்ணத்தோடு எழுப்பப்பட்ட அணைதான் அது. ஆனால் வெள்ள நீர் தேங்க வேண்டிய இடத்தில் மேலிருந்து வந்த சாயக் கழிவு நீர் தேங்கலாயிற்று. சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஆயக்கட்டுதாரர்கள், அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம், அந்தத் தண்ணீரை எங்கள் வாய்க்காலில் விடவும் வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி மனுக் கொடுத்த செய்தி நம் பாசன வரலாற்றில் மிக அரிது. அதைவிடக் கசப்பான செய்தி வேறு இருக்குமா என்பது ஐயமே.

விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றத்தை நாடினார்கள். கரூர் வட்டத்து நொய்யல் கால்வாய் விவசாயிகள் 1990-களிலும், நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் 2003-லும் வழக்குத் தொடர்ந்தனர். பட்டறைகள் கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாற வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசு வீதம் தொடங்கிப் படிப்படியாக உயரும் தொகை செலுத்த வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அக்கொள்கையை உறுதி செய்தது. அதன் பின்னும் நிலைமை சீர்படாமையால், 2011 ஜனவரி 28-ஆம் நாள் உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லிற்று. ஒரே நாளில் நகரின் தொழில் திகைத்து நின்றது. கூலி வேலை செய்தவர் பலர் ஊர் திரும்பினர். குற்றம் இழைக்காதவர்களும் அத்தண்டனையில் பங்கு பெற்றனர்.

இதற்கிடையே சூழலியல் இழப்புக்கு ஈடு வழங்கும் ஆணையம் 2004 டிசம்பரில் ஒரு தீர்ப்பளித்தது. 68 கிராமங்களில் சுமார் 28,600 விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என்பது அத்தீர்ப்பு. தொகையைத் தலைக்கு வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒன்பதாயிரம் ரூபாயைக்கூட எட்டவில்லை. இரண்டு தலைமுறை உழைத்துத் திருத்திய தோட்டத்தின் நஷ்டத்துக்கு இத்தொகை ஈடாகுமா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

கணக்கில் ஏறாத செலவு

என் உத்தியோகம் சங்கங்களின் கணக்கை ஆய்வது. அந்தக் கண்ணோடு பார்க்கும்போது நொய்யலின் வரலாறு முழுவதும் ஒரு கணக்குப் பிழையின் வரலாறாகவே தோன்றுகிறது. நாள்தோறும் 1 லட்சம் லிட்டர் கழிவு நீரை வெளியே விட்ட பட்டறையின் லாப நஷ்டக் கணக்கில் அந்தக் கழிவின் பொருட்டு ஒரு காசும் பற்று எழுதப்பட்டதில்லை. லிட்டருக்கு 6 காசு என்று நீதிமன்றம் விதித்த பிறகுதான் அது நாளொன்றுக்கு 6,000 ரூபாய்ச் செலவு என்பது தெரிய வந்தது. அதுவரை அச்செலவு இல்லாமலா இருந்தது? இருந்தது; வேறொருவர் ஏட்டில் இருந்தது. கீழ்க்கரை விவசாயியின் கிணற்றில், அவர் விளைச்சல் குறைந்ததில், குடிநீருக்கு வண்டி கட்டிச் சென்றதில், மாட்டை விற்றதில் அது பற்றாகிக் கொண்டே வந்தது. எழுதப்படாத செலவு மறைந்து போவதில்லை. எழுத வலுவில்லாதவன் தலையில் சென்று இறங்குகிறது.

நம் கூட்டுறவுச் சங்கங்களின் ஏடுகளும் இவ்வகையில் குறையுடையனவே. கிணறு ஆழப்படுத்தவும் குழாய் பதிக்கவும் ஓர் அங்கத்தினர் கடன் பெறுகிறார். கிணற்று நீர் உப்பாகிறது; பயிர் பலிக்கவில்லை; தவணை தவறுகிறது. பாக்கிப் பட்டியலில் அவர் பெயர் ஏறுகிறது. தவணை கடந்தது என்று எழுத நமக்கு நிரல் உண்டு. தண்ணீர் கெட்டது என்று எழுத நிரல் இல்லை. அந்தக் கிணற்றைக் கெடுத்த செலவின் உண்மையான கடனாளி மேலே எங்கோ இருக்கிறார். கடனாளி என்னும் பழிச்சொல் மட்டும் கீழே இருப்பவருக்கு. ஊரார் முன்னிலையில் தலை நிமிர்ந்து வாழ்ந்த குடும்பம் இதனால் அடையும் மனவேதனை எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

செய்ய வேண்டியது யாது?

2011-க்குப் பின் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. பட்டறையாளர் பலர் பங்குதாரராகச் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வுகளின் வழியே நீரைப் பிழிந்து எடுத்து, எஞ்சும் உப்புக் கரைசலையும் மீண்டும் சாயத்துக்குப் பயன்படுத்துகின்றன. தனித்தனியே செய்ய இயலாததைச் சேர்ந்து செய்தார்கள்; கூட்டுறவின் அடிப்படைத் தத்துவமும் அதுவே. ஆயினும் ஆற்றின் துன்பம் தீர்ந்துவிடவில்லை. நகரங்களின் சாக்கடை நீர் இன்னும் நொய்யலில் விழுகிறது. இரவில் கள்ளத்தனமாகக் கழிவு திறந்துவிடப்படுவதாகப் புகார்கள் அவ்வப்போது எழுகின்றன. மண்ணில் படிந்த உப்பு ஓர் ஆணையால் நீங்கிவிடுவதுமன்று. மேலும் குற்றம் நகரத்தார் மேல் மட்டும் இல்லை. பக்கத்துப் பள்ளத்தை ஆண்டுக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுது, ஓடையை வரப்பாக்கிவிட்டவர்கள் நம்மிடையே இல்லையா? மழை நீர் வரும் பள்ளம் சுருங்கினால் உப்பை அலசிக் கொண்டுபோகும் நல்ல நீரும் ஆற்றுக்கு வாராது.

ஆகவே நான் கூறுவது ஒன்றே. நொய்யலின் கரையிலும், அதில் சேரும் பள்ளங்களின் கரையிலும் உள்ள ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமும், ஒவ்வொரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் தன் ஊர் நீருக்கு ஒரு பேரேடு தொடங்க வேண்டும்.

அதில் முதற்பகுதி பழைய வரலாறு. அங்கத்தினர்களின் பத்திரங்களில் உள்ள எல்லைகளையும் நீர்ப் பாத்தியங்களையும் அவர்கள் சம்மதத்துடன் படியெடுக்கலாம். எந்த ஆண்டுகளில் ஆறு பெருகிற்று, எந்தக் கிணறு கோடையிலும் வற்றாமல் இருந்தது, எந்தப் பள்ளம் எங்கே தூர்ந்தது என்பதை முதியோரிடம் கேட்டு எழுதலாம். அவர்கள் காலம் சென்றபின் அச்செய்தி எவரிடமும் கிடைக்காது.

இரண்டாம் பகுதி நீரின் அளவு. ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒருமுறையும் மழை ஓய்ந்தபின் ஒருமுறையும், குறித்த சில கிணறுகளில் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் பார்த்து எழுத வேண்டும். அதற்கான கைக்கருவி விலை மிக்கதன்று. பயன்படுத்தும் முறையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பித்துவிடலாம். குடிநீரில் கரைந்த பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு உட்பட்டிருப்பது நல்லது என்பதும், வேறு வழியில்லாத இடத்தும் 2,000-க்கு மேற்படலாகாது என்பதும் இந்தியத் தர விதி. ஓர் ஊரின் கிணறு பத்தாண்டில் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குச் சென்றது என்பது ஏட்டில் இருந்தால், வாதத்துக்கு இடமில்லாமல் உண்மை புலப்படும்.

மூன்றாம் பகுதி நெசவாளர் சங்கங்களுக்குரியது. சங்கம் வாங்கும் நூல் எங்கே சாயமேற்றப்பட்டது, அந்தச் சாயநீர் என்ன ஆயிற்று என்னும் இரண்டு விவரங்களைக் கேட்டுப் பதிய வேண்டும். கைத்தறி நெசவாளர் சிறிய அளவில் தொழில் செய்பவராயினும் இக்கேள்வியிலிருந்து விலக்குப் பெற்றவரல்லர். நல்ல முறையில் சாயமேற்றிய நூலுக்குச் சற்று விலை கூடலாம். அந்தக் கூடுதல் விலையே முன்பு கணக்கில் ஏறாமல் விவசாயி தலையில் இறங்கிய செலவு என்பதை உணர வேண்டும்.

இவற்றைக் கவனிக்க அரசாங்க இலாகாக்கள் இருக்கின்றனவே என்று சிலர் கூறலாம். இருக்கின்றன, அவற்றின் வேலையை நாம் பறிக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் அளந்த எண் அவர்கள் அலுவலகத்தில் இருக்கிறது. ஊரார் அளந்த எண் ஊரிலேயே இருக்கும். ஒன்றையொன்று ஒத்துப் பார்க்கலாம். இரண்டு ஏடுகள் ஒத்துவந்தால்தான் கணக்குச் சரி என்பது நம் சங்கங்களில் யாவரும் அறிந்த முறை. இதனால் தொழிலுக்குக் கேடு விளையும் என்று அஞ்சுவோரும் உண்டு. தொழில் நின்றது 2011-ல். யாரேனும் ஏடு எழுதியதால் அது நிற்கவில்லை. எழுத வேண்டியதைப் பல ஆண்டு எழுதாமல் விட்டதன் முடிவாக நின்றது. நோய் முற்றுமுன் எடுத்துச் சொல்பவன் நோயாளிக்குப் பகைவனல்லன்.

ஆண்டுதோறும் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை படிக்கப்படுகிறது. அதற்கு அடுத்தபடியாக நீர்ப் பேரேட்டின் ஒரு பக்கமும் படிக்கப்படட்டும். நெசவாளர் சங்கத்தின் பேரவையில் விவசாயப் பிரதிநிதி ஒருவரும், விவசாயச் சங்கத்தின் பேரவையில் நெசவாளப் பிரதிநிதி ஒருவரும் அமர்ந்து கேட்கட்டும். மேல்கரையார் செய்ததைக் கீழ்க்கரையாரும், கீழ்க்கரையார் பட்டதை மேல்கரையாரும் ஒரே கூரையின்கீழ் அறிந்துகொண்டால், நீதிமன்றம் வரை செல்ல வேண்டிய வழக்குகள் பல அங்கேயே தீர வழி பிறக்கும்.

பழைய பத்திரம் எழுதியவர்கள் ஓடையை எல்லையாக மட்டும் கண்டார்கள். நம் தலைமுறையில் அதைக் கூட்டுச் சொத்தாகக் கண்டு கணக்கு வைப்போமாக. இவ்வாண்டுப் பேரவைக் கூட்டம் கூடுமுன் ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் இதைப் பொருளாக எடுத்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பேரேட்டின் விலை அதிகமில்லை; அதை எழுதாமல் விட்டதற்கு நொய்யல் கரையார் கொடுத்த விலை மிக அதிகம்.